டயப்பர் தொட்டி நாற்றம் அடங்கியது இப்படித்தான்

வாசனை வில்லை போட்டு டயப்பர் நாற்றத்தை மறைப்பது வீண் வேலை. சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றுகிறது. அறை சூடாக இருந்தால் இன்னும் வேகமாக. அந்த வாடை பிளாஸ்டிக்கில் ஊறிவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் முழுசாகப் போகாது. எங்கள் வீட்டில் நாற்றம் நின்றது, ஸ்டீல் தொட்டிக்கு மாறிய பிறகுதான்.

வாங்கும்போது முதலில் மூடியைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி ரப்பர் வாஷர் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு தாள் துண்டை மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் அந்த வழியாக வாடையும் வரும். நாலு பக்கமும் சோதியுங்கள், கீல் இருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் கோட்டை விடும். பெரிய தொட்டி வேண்டாம். நிறையட்டும் என்று நாள்கணக்கில் விட்டுவைக்கத் தோன்றும்.

மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை இறுக்கிச் சுருட்டி அதன் பட்டையாலேயே ஒட்டிப் போடுங்கள். தொட்டிக்குள் விரிக்கும் பையின் அடியில் 2 மேசைக்கரண்டி சமையல் சோடா. பையைத் தினமும் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவும்போது ரப்பரின் மடிப்பையும் துடைத்து, நன்றாகக் காயவையுங்கள். பிளீச்சோடு வினிகரை ஒருபோதும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.