அங்கதக் கதையில் பெண்ணின் வலியை எழுதுவது எப்படி?

ஒரு பெண் படும் பாட்டை அங்கதமாக எழுத உட்காருகிறீர்கள் என்றால், முதல் வரிக்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். வாசகர் யாரைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்? அடிபட்டவளையா, அடித்தவனையா, இல்லை பக்கத்தில் நின்று 'எல்லாம் நன்மைக்கே' என்று தத்துவம் பேசுகிறவனையா? என்னைக் கேட்டால் அந்த மூன்றாவது ஆளைப் பிடியுங்கள். அடித்தவனைக் கண்டிக்க ஒரு கட்டுரை போதும், அவனுக்கு நியாயம் கற்பிக்கும் பேச்சை உரித்துக் காட்டத்தான் அங்கதம் வேண்டும்.

அப்புறம், கதையை யார் சொல்வது? அவளே சொல்லட்டும். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 1759-இல் வெளியிட்ட 'கேண்டீட்' நாவலில் ஒரு கிழவி வருகிறாள். இளவரசியாக வளர்ந்து, கடற்கொள்ளையரிடம் சிக்கி, ஊர் ஊராக விற்கப்பட்டு, முற்றுகையில் பட்டினி கிடந்த படைவீரர்களுக்கு உணவாகத் தன் பிட்டத்தில் ஒரு பக்கத்தையே இழந்தவள். இத்தனையையும் கப்பலில் உட்கார்ந்து தானே சொல்லிவிட்டு, இங்கே தன் வாழ்க்கையை அடிக்கடி சபிக்காதவர் ஒருவராவது இருந்தால் என்னைத் தலைகீழாகக் கடலில் வீசுங்கள் என்கிறாள். நூறு முறை சாக நினைத்தும் வாழும் ஆசை விடவில்லை என்று சொல்பவளும் அவளேதான். 'ஐயோ பாவம்' என்று ஆசிரியர் ஓரிடத்திலும் குறுக்கே வருவதில்லை. நீங்களும் வராதீர்கள், பரிதாபம் காட்டும் அடைமொழிகளை அடித்துவிட்டு, நடந்ததை மட்டும் வரிசையாக வையுங்கள்.

ஆனால் அதே நாவலின் முடிவில், வன்முறையையும் அடிமைத்தனத்தையும் தாண்டி வந்த நாயகி குனெகோண்டின் அழகு போய்விட்டதைச் சிரிப்புக்கு ஆக்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே அம்பு தப்பான ஆள் மேல் பாய்கிறது. உங்கள் வரைவில் அவள் உடம்பைப் பற்றிய நகைச்சுவை எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் இதே சந்தேகத்தோடு படியுங்கள்.

தலைகீழாக்குவது இன்னொரு வழி. வங்காள எழுத்தாளர் ரொக்கேயா ஹுசைன் 1905-இல் எழுதிய 'சுல்தானாவின் கனவு' கதையில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள். பித்துப்பிடித்தவர்கள் தப்பி வந்து தொல்லை கொடுத்தால் அவர்களைத்தானே அடைப்பீர்கள், நல்ல புத்தியுள்ளவர்களையா அடைப்பீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. இந்த உத்தியை எடுத்தால் பாதியில் விடாதீர்கள். அந்த உலகத்தில் பாதுகாப்பு, கல்வி, போர் எல்லாவற்றிலும் அதே தர்க்கம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் வேடிக்கையாக நின்றுவிடும்.

வன்முறை நடக்கும் நொடியில் மட்டும் சிரிப்பு வேண்டாம். அதற்குப் பிறகு வரும் விசாரணை, சமாதானப் பேச்சு, 'நீ ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாய்' என்ற கேள்வி, இவற்றில் உங்கள் கூர்மை முழுவதையும் காட்டுங்கள். அதிகாரத்தின் மொழியை அப்படியே, மரியாதை குறையாமல் எழுதினாலே அதன் அபத்தம் தானாக வெளியே வரும்.

மீண்டு எழுவதையும் பெரிதாக்கிவிடாதீர்கள். எதையும் தாங்கும் தெய்வமாக அவளை உயர்த்தினால், தாங்கத்தானே பிறந்தவள் என்று சொல்பவன் கையில் நீங்களே ஆயுதம் கொடுத்ததாக ஆகும். அவளுக்குக் கோபம் வரட்டும், பொறாமை வரட்டும், தனக்கென்று ஒரு சின்ன ஆசை இருக்கட்டும், எதிராளியை மடக்கும் அந்த ஒரு வரியும் அவள் வாயிலிருந்தே வரட்டும்.

முடித்ததும், அவள் பேசும் வரிகளை மட்டும் தனியாக எடுத்துப் படியுங்கள். அழுகையும் சம்மதமும் தவிர வேறெதுவும் தேறவில்லை என்றால் அவள் பகுதியை முதலிலிருந்து எழுதுங்கள்.