பல வருடம் கிடந்த பழைய கணினியை எழுப்பும்போது செய்யக் கூடாதவை

முப்பது வருடம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்த கணினி, வெளியே எடுத்த பத்தாவது நிமிடத்தில் செத்துப்போவது உண்டு. சும்மா கிடந்ததால் வந்த சாவு என்று அதைச் சொல்ல முடியாது. 'ஓடுதா, பார்ப்போம்' என்று ஸ்விட்சைப் போட்டதால் வந்தது. அந்த ஆசை எனக்கும் புரிகிறது. சின்ன வயதில் பார்த்த அந்த நீலத் திரை மறுபடி தெரிய வேண்டும் என்று மனம் பறக்கும். ஆனால் நீண்ட நாள் கிடந்த இயந்திரத்துக்குப் பெரிய சேதம் முதல் சில நொடிகளில்தான் நடக்கிறது, அதுவும் பெரும்பாலும் பவர் சப்ளை வழியாக.

கமடோர் 64-ஐ எடுத்துக்கொள்வோம். 1982-இல் வந்த இயந்திரம். அதன் பவர் சப்ளை செங்கல் மாதிரி கனமான ஒரு கறுப்புப் பெட்டி. பல மாடல்களில் உள்ளே எபாக்ஸி பிசினை ஊற்றி மூடியிருப்பார்கள், பிரித்துப் பழுதுபார்க்க வழியே இருக்காது. சூடும் வெளியேறாது. அது கணினிக்கு இரண்டு மின்சாரம் தருகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. அந்த 5 வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் பழுதாகும்போது வோல்டேஜ் குறைவதற்குப் பதிலாகப் பல சமயம் ஏறிவிடும். ஏறிய வோல்டேஜ் நேராக மெமரி சிப்புகளுக்குப் போகும். பத்து நொடி போதும்.

ஆகவே கணினியில் செருகுவதற்கு முன்னால் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அந்த சப்ளையை ஓரமாக வைத்துவிடுங்கள். அப்புறம் இன்னொரு விஷயம்: இன்று சரியாகக் காட்டினால் நாளைக்கும் சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. இந்தச் செங்கல் சப்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கெடும். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. புதிதாகச் செய்யப்பட்ட நல்ல சப்ளை ஒன்றை வாங்குங்கள், அல்லது வோல்டேஜ் ஏறினால் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியை நடுவில் மாட்டுங்கள். பழையதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் தவறு வேறு விதமாக நடக்கும். அதன் அடாப்டரில் 9 வோல்ட் என்று எழுதியிருக்கும், மீட்டரை வைத்தால் 13 காட்டும். பயப்பட வேண்டாம். அது ரெகுலேட்டர் இல்லாத அடாப்டர், சுமை ஏறினால் இறங்கிவிடும். ஆனால் அதன் முனையில் நடுப்பகுதி நெகட்டிவ். இன்று கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுப்பகுதி பாசிட்டிவ். முனை அளவு பொருந்துகிறதே என்று கையில் கிடைத்ததைச் செருகினால் கதை முடிந்தது. வோல்டேஜ், ஆம்பியர், துருவம் மூன்றையும் பார்த்துவிட்டுச் செருகுங்கள். வேறு நாட்டிலிருந்து வந்த இயந்திரம் என்றால் அது 110 வோல்ட்டுக்கா 230-க்கா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிபிசி மைக்ரோ, ஆப்பிள் 2 போன்றவற்றில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கும். அவற்றில் பலவற்றில் மின்சாரம் நுழையும் இடத்தில் ரிஃபா என்ற பெயர் அச்சிட்ட கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது தேக்கி வைக்கும் பாகம்) ஒன்று இருக்கும். தேன் நிறத்தில் கண்ணாடி போன்ற உறை. உற்றுப் பார்த்தால் உறை முழுக்க மெல்லிய விரிசல்கள் தெரியும். அந்த விரிசல் வழியாக வருடக்கணக்கில் ஈரம் உள்ளே இறங்கி, உள்ளிருக்கும் காகிதத்தில் ஊறியிருக்கும். ஸ்விட்ச் போட்ட சில நிமிடங்களில் வெடித்து, அறை முழுக்க மூக்கைத் துளைக்கும் புகை வரும். மின் இரைச்சலை வடிகட்டுவதுதான் அதன் வேலை, அதனால் புகைக்குப் பிறகும் கணினி ஓடலாம். அதற்காக அப்படியே விட்டுவிடக் கூடாது. அதே அளவில், எக்ஸ்2 வகை (வீட்டு மின்சார லைனுக்கென்றே செய்தது) என்று குறிப்பிட்ட புதியதைப் போட வேண்டும், சாதாரண கெபாசிட்டர் கூடாது. இன்னொன்று, இந்த சப்ளைகளுக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். மானிட்டருக்குள் இருப்பது இன்னும் மோசம், பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். பழக்கம் இல்லாதவர்கள் இந்த இரண்டையும் திறக்காமல் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

மின்சாரத்தை வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து மெல்ல மெல்ல ஏற்றினால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வார்கள். பழைய வால்வு ரேடியோவுக்கு அது பொருந்தும். ஆப்பிள் 2-இல் இருப்பது போன்ற ஸ்விட்ச்-மோட் சப்ளைக்குப் பொருந்தாது. குறைந்த வோல்டேஜில் அது அதிகக் கரண்டை இழுக்கும், அதிலேயே சூடாகிக் கெடவும் கூடும்.

பேட்டரி

இனி, ஸ்விட்சைத் தொடாமலே இயந்திரத்தைக் கொல்லும் ஒன்றைப் பற்றி. அமிகா 500-க்கான ஏ501 மெமரி அட்டை, அமிகா 2000, ஏக்கோர்ன் ஆர்க்கிமிடிஸின் சில மாடல்கள் போன்றவற்றில் நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு சின்ன நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கும். அது கசியும். கசியுமா என்ற கேள்வியே கிடையாது, எப்போது என்பதுதான் கேள்வி. 'நல்லாத்தானே ஓடுது' என்று மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் இங்கே பெரிய தவறு.

என்னிடம் வந்த ஒரு போர்டில் இதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேட்டரியின் கால் அருகே நீலப்பச்சையாக ஒரு பூச்சு, செப்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறினாற்போல. பார்க்க ஒரு காசு அகலம்தான். ஆனால் பக்கத்தில் இருந்த சாக்கெட்டிலிருந்து சிப்பைக் கழற்றியபோது அதன் கால்கள் கறுத்திருந்தன. இரண்டு கால்கள் சாக்கெட்டிலேயே ஒடிந்து தங்கிவிட்டன. பச்சைப் பூச்சுக்குக் கீழே ஓடும் செம்புத் தடங்கள் கறுப்புக் கோடுகளாகி இருந்தன. திரவம் சிப்புகளுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத வழியாக, நாலு விரல் தூரம் போயிருந்தது.

இதைச் சுத்தம் செய்வதில் பலர் தவறுவது இங்கேதான். பேட்டரி என்றதும் ஆசிட் என்று நினைத்து சமையல் சோடாவைத் தேடுவார்கள். இது ஆசிட் அல்ல, காரம். வெள்ளை வினிகர்தான் இதற்கு மருந்து. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டு வைத்தால் லேசாக நுரைக்கும். நுரை நின்றதும் சுத்தமான தண்ணீரால் கழுவி, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வினிகரைக் கழுவாமல் விடுவதும் தவறு, அதுவே தடங்களை அரிக்கும். அப்புறம் மல்டிமீட்டரை வைத்துக் கறுத்த தடம் ஒவ்வொன்றிலும் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அறுந்த இடத்தில் மெல்லிய கம்பியால் இணைத்துவிடலாம்.

எடுத்த பேட்டரிக்குப் பதில் நாணய வடிவ லித்தியம் பேட்டரியை அப்படியே வைத்துவிடாதீர்கள். அந்தச் சுற்று பேட்டரியைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். சார்ஜ் ஏற்றக் கூடாத பேட்டரி வெடிக்கக்கூடும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு நடுவில் இல்லாமல் போடவே கூடாது. பழைய மெக்கின்டாஷ்களில் இருக்கும் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரிகளும் வெடித்து போர்டையே தின்றிருக்கின்றன. பெட்டிக்குள் எடுத்து வைக்கப்போகும் எந்த இயந்திரத்திலும் பேட்டரி இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. நேரத்தைக் கையால் அடித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் மாற்றிவிடும் அவசரம்

ஸ்விட்ச் போடும் அவசரத்துக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது சால்டரிங் அயர்ன் எடுக்கும் அவசரம். கணினி வந்த அன்றே எல்லாக் கெபாசிட்டரையும் மாற்றிவிடுவது. எல்லா இயந்திரத்துக்கும் இது தேவையில்லை. அமிகா 600, 1200, மெக்கின்டாஷ் எஸ்இ/30, மெக்கின்டாஷ் கிளாசிக் போன்றவற்றில் போர்டின் மேலேயே ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளி நிறக் கெபாசிட்டர்கள் கசிகின்றன, அவற்றை மாற்றத்தான் வேண்டும். சூடு வைக்கும்போது மீன் வாடை வந்தால் கசிந்திருக்கிறது என்று உறுதி. ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த பல கணினிகளில் நீண்ட கால்கள் கொண்ட கெபாசிட்டர்கள் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றைப் பிடுங்கும்போது செம்பு வட்டமே பெயர்ந்து வருவதும், புதியதைத் துருவம் மாற்றி வைப்பதும் நடக்கிறது. முன்பு ஒரே ஒரு பழுது இருந்த போர்டில் இப்போது நாலு, எது பழையது எது நாம் செய்தது என்றும் தெரியாது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம், உடனே ஒரு சோதனை. அவ்வளவுதான்.

திரை கறுப்பாகவே இருந்தால், சிப்பு மாற்றுவதற்கு முன்னால் சாக்கெட்டில் இருப்பவற்றை மெதுவாகக் கழற்றி மறுபடி பொருத்திப் பாருங்கள். பாதிப் பழுது இதிலேயே சரியாகும். இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். முனைகளை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கார்ட்ரிட்ஜ், ஜாய்ஸ்டிக் எதையும் ஓடும்போது செருகாதீர்கள். ஸ்பெக்ட்ரத்தின் பின்பக்க இணைப்பில் சற்றே விலகிச் செருகினால்கூட ஒரு லைன் இன்னொன்றோடு சேர்ந்து சிப்பு போய்விடும். கமடோர் 64-இல் ஒலிச் சிப்பு மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய 6581-க்கு 12 வோல்ட், பின்னால் வந்த 8580-க்கு 9 வோல்ட். 12 வோல்ட் போர்டில் 8580-ஐப் பொருத்தினால் பொருந்தும், ஓட்டினால் எரியும்.

ஸ்பெக்ட்ரத்தின் மேல் மூடியைச் சட்டென்று தூக்குவதும் வழக்கமான தவறு. கீபோர்டிலிருந்து வரும் மெல்லிய பிளாஸ்டிக் நாடா காய்ந்து அப்பளம்போல் ஆகியிருக்கும், இழுத்தால் நொறுங்கும்.

டிஸ்க்குகளிலும் அவசரம் கூடாது. ஃப்ளாப்பியை டிரைவில் போடுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்து அதன் பரப்பைப் பாருங்கள். வெண்மையாகப் பூஞ்சணம் தெரிந்தால் போடாதீர்கள். அது டிஸ்க்கைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்து வரும் டிஸ்க்கையும் கீறும். எழுதவிடாமல் தடுப்பதில் ஒரு குழப்பம் உண்டு: 5.25 அங்குல டிஸ்க்கில் ஓரத்துப் பள்ளத்தை மூட வேண்டும், 3.5 அங்குலத்தில் துளை திறந்திருக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராட் சிபிசி 6128-இன் 3 அங்குல டிரைவில் ரப்பர் பெல்ட் இருக்கிறது. பழையது தார்போல் உருகியிருக்கும். டிரைவ் கெட்டுவிட்டது என்று ஒதுக்காமல் பெல்ட்டை மாற்றிப் பாருங்கள்.

மஞ்சளான மூடியை ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுப்பதை எல்லோரும் முதலில் செய்ய ஆசைப்படுகிறார்கள். தீப்பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக்கில் கலந்த புரோமின் சேர்மங்களுக்கு அந்த நிறத்தில் பங்கு உண்டு. வெளுத்தாலும் மஞ்சள் திரும்பி வரலாம். சரியாகத் தடவாவிட்டால் திட்டுத்திட்டாகவும் நிற்கும். என் இயந்திரங்களை நான் மஞ்சளாகவே விட்டுவிட்டேன்.

சரி, ஓடத் தொடங்கிவிட்டது. மறுபடி உள்ளே வைக்கும்போது காற்றுப் புகாத பாலித்தீன் உறையில் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியே போகாது. துணியால் போர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்து, வெயில் ஏறாத இடத்தில் வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஓட்டும்போது அளந்த வோல்டேஜைத் தேதியோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். கடைசியாக, பவர் ஒயரைக் கணினி மேலேயே சுற்றி வைக்காதீர்கள். பிவிசி ஒயரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை வருடங்கள் போகப்போக மூடியை உருக்கி, பாம்பு ஊர்ந்த தடம்போல் ஒரு பள்ளத்தை விட்டுவிடும். ஒயருக்கு ஒரு தனிப் பை போதும்.