பிரிட்டனில் பழகியவர் அமெரிக்காவுக்கும், அமெரிக்காவில் பழகியவர் பிரிட்டனுக்கும் மாறும்போது

லண்டனில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு நியூயார்க்குக்கோ, சிகாகோவில் வேலை பார்த்துவிட்டு மான்செஸ்டருக்கோ மாறுகிறவர்கள் பெரும்பாலும் எந்த முன்னேற்பாடும் செய்துகொள்வதில்லை. மொழி ஒன்றுதானே, பெரிதாக என்ன மாறிவிடப் போகிறது என்ற எண்ணமே அதற்குக் காரணம். மொழி தெரியாத நாட்டுக்குப் போகிறவர் எதையும் இரண்டு முறை கேட்டுத் தெளிவுபெறுவார். தெரியும் என்று நம்புகிறவர் கேட்காமலே இருந்துவிடுவார். ஆகவே இடம் மாறிய முதல் சில மாதங்களுக்கு, நன்றாகத் தெரிந்த சொல்லையும் பழக்கத்தையும்தான் அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் கைவைக்க வேண்டியது பணக் கணக்கில். பிரிட்டனில் கடை அலமாரியில் எழுதியிருக்கும் விலைதான் நீங்கள் கொடுக்கும் விலை. மதிப்புக் கூட்டு வரி அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் விற்பனை வரி பில் போடும் இடத்தில்தான் சேரும். நியூயார்க் நகரில் அது 8.875 சதவீதம் என்பதால், 20 டாலர் என்று ஒட்டியிருக்கும் பொம்மைக்கு 21.78 டாலர் எடுத்துவைக்க வேண்டும். ஓரிகன், டெலவர் போன்ற ஐந்து மாநிலங்களில் மாநில அளவிலான விற்பனை வரியே கிடையாது. எனவே குடியேறும் ஊரின் வரி விகிதத்தைத் தெரிந்துகொண்ட பிறகே மாதச் செலவுக் கணக்கைப் போடுங்கள்.

உணவகத்தில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகும். நியூயார்க்கில் 60 டாலருக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பணியாளர் உங்கள் கார்டை வாங்கி உள்ளே எடுத்துச்சென்று, இரண்டு சீட்டுகளும் ஒரு பேனாவும் கொண்டுவந்து வைப்பார். (மேசைக்கே இயந்திரத்தைக் கொண்டுவரும் வழக்கமும் இப்போது பரவிவருகிறது.) சீட்டில் டிப்ஸுக்கு ஒரு கோடும், மொத்தத் தொகைக்கு ஒரு கோடும் காலியாக இருக்கும்; இரண்டையும் நீங்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும். வரி 5.33 டாலர், 20 சதவீத டிப்ஸ் 12 டாலர், ஆக மொத்தம் 77.33 டாலர். இந்த டிப்ஸை விருப்பமிருந்தால் கொடுக்கும் அன்பளிப்பாக நினைக்காதீர்கள். டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி நேரடியாகக் கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்ச ஊதியம், கூட்டாட்சிச் சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர்தான், 1991 முதல் அது உயரவில்லை. பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக நிர்ணயித்திருக்கின்றன என்றாலும், அந்தப் பணியாளரின் வீட்டு வாடகை பெரிதும் உங்கள் பேனாவை நம்பியே இருக்கிறது. 15 சதவீதத்துக்குக் குறையாமல் எழுதுங்கள்.

பிரிட்டனில் பணியாளருக்கு முழுக் குறைந்தபட்ச ஊதியம் சட்டப்படி உண்டு. பல உணவகங்கள் 12.5 சதவீதச் சேவைக் கட்டணத்தைத் தாமே பில்லில் சேர்த்துவிடும். சேர்த்திருந்தால் அதற்குமேல் எதுவும் தர வேண்டியதில்லை. பில்லை முழுவதும் படிக்காமல் இரண்டாவது முறையும் டிப்ஸ் கொடுத்துவிட்டு வருவது அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

அடுத்தது பேச்சு, எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்த மேலதிகாரி ‘குவைட் குட்’ என்கிறார். அவர் அமெரிக்கர் என்றால் மிக நன்றாக இருக்கிறது என்று பொருள். பிரிட்டிஷ்காரர் என்றால் ‘பரவாயில்லை, இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம்’ என்று பொருளாக இருக்கக்கூடும். மாறாக, பிரிட்டிஷ்காரர் சொல்லும் ‘நாட் பேட்’ பல நேரங்களில் உண்மையான பாராட்டு. ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று அவர் தொடங்கினால், அடுத்து வருவது மறுப்பு. கூட்டத்தில் ஒரு பொருளை ‘டேபிள்’ செய்வோம் என்றால் பிரிட்டனில் அதை இப்போதே விவாதத்துக்கு எடுப்போம் என்று அர்த்தம். அமெரிக்காவில் அதை ஒத்திவைப்போம் என்று அர்த்தம். ஒரே சொல் நேர் எதிர்ப்பொருளில் வழங்குவதால், சொல்லை நம்பி வீட்டுக்குப் போகாமல், ‘இதில் நான் எதையாவது மாற்ற வேண்டுமா, அல்லது இப்படியே அனுப்பலாமா?’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விக்கு இரு நாட்டாரும் தெளிவாகவே பதில் சொல்வார்கள்.

எழுத்திலும் இதே கவனம் வேண்டும். 04/07 என்பது பிரிட்டனில் ஜூலை 4, அமெரிக்காவில் ஏப்ரல் 7. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் குழப்பமே இராது. பிரிட்டனில் ‘ஃபர்ஸ்ட் ஃபுளோர்’ என்றால் ஒரு மாடி ஏற வேண்டும். அமெரிக்காவில் பொதுவாக அது தரைத்தளம். ‘பேண்ட்ஸ்’ என்ற சொல் பிரிட்டனில் உள்ளாடையைக் குறிக்கும் என்பதையும் அலுவலகத்தில் வாய் திறப்பதற்கு முன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடல்நலம் குறித்த ஏற்பாட்டை நோய் வரும்வரை தள்ளிப்போடக் கூடாது. 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய சுகாதார சேவை பிரிட்டனில் இருக்கிறது. வீடு பிடித்ததும் அருகிலுள்ள ஜிபி எனப்படும் பொது மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சிறப்பு மருத்துவரிடம் போகவும் பெரும்பாலும் அவருடைய பரிந்துரை வேண்டும். அவசரத்துக்கு 999, அவ்வளவு அவசரமில்லாத ஆலோசனைக்கு 111. அமெரிக்காவில் அவசர எண் 911. அங்கே வேலையில் சேர்ந்த உடனே காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் சேர்வதற்குக் குறிப்பிட்ட நாட்களே அவகாசம் இருக்கும். மாதத் தவணையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், காப்பீடு கைகொடுக்கத் தொடங்குவதற்கு முன் நீங்கள் சொந்தமாகச் செலவிட வேண்டிய ‘டிடக்டிபிள்’ தொகை எவ்வளவு என்று பாருங்கள். போகப்போகும் மருத்துவமனை மட்டுமல்லாமல் அங்குள்ள மருத்துவரும் உங்கள் திட்டத்தின் வலையமைப்பில், அதாவது காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் பட்டியலில், இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பங்கேற்கும் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு, பணம் கட்ட முடியுமா என்று பாராமல் நோயாளியைப் பரிசோதித்து நிலைப்படுத்தியாக வேண்டும். பில் பின்னால் வரும்.

சாலையில் இடம் வலம் மாறுவது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாத விதிகளே ஆபத்தானவை. அமெரிக்காவில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்குகளை மினுக்கி நின்றால், பின்னால் வருகிறவரும் நிற்க வேண்டும், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்து வலப்புறம் திரும்ப அங்கே பெரும்பாலான இடங்களில் அனுமதி உண்டு. நியூயார்க் நகரில், பலகை அனுமதித்தாலன்றி, இல்லை. பிரிட்டனில் சிவப்பு என்றால் எந்தப் பக்கமும் திரும்ப முடியாது. ரவுண்டானாவில் வலப்புறமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். போலீசார் வண்டியை நிறுத்தினால் அமெரிக்காவில் இறங்கிப் போய்ப் பேசாதீர்கள். கைகள் ஸ்டீயரிங்கின் மேல் தெரியும்படி உள்ளேயே அமர்ந்திருங்கள்.

வீட்டுச் சாமான்களைக் கட்டும்போது மின்சாரத்தை மறக்க வேண்டாம். பிரிட்டனில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. லேப்டாப், கைபேசி சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். கெட்டில், ஹேர் டிரையர் ஆகியவற்றைக் கொண்டுபோகாதீர்கள். அமெரிக்கக் கெட்டிலை அடாப்டர் வைத்து பிரிட்டனில் செருகினால் எரிந்துவிடும். பிரிட்டிஷ் கெட்டில் அமெரிக்காவில் மந்தமாகவே சூடேறும். அங்கேயே புதிதாக வாங்கினாலும், பிரிட்டனில் 3,000 வாட் இழுக்கும் கெட்டிலுக்குப் பதில் சுமார் 1,500 வாட் கெட்டில்தான் கிடைக்கும் என்பதால், தேநீருக்கு வெந்நீர் கொதிக்க ஏறக்குறைய இருமடங்கு நேரம் பிடிக்கும்.