கீழாநெல்லியைக் காயின் அடியில் பார்த்துப் பிரிப்பது எப்படி?

நாட்டு மருந்துக் கடைக்கு வரும் கீழாநெல்லிக் கட்டுகளைப் பிரித்துச் சுத்தம் செய்வது என் வேலை. ஒரே கட்டில் மூன்று, நான்கு வகைச் செடிகள் கலந்து வரும். சிற்றிலையும் அதன் அடியில் வரிசையாகக் காயும் தெரிந்தால் பறிப்பவர்களுக்குப் போதும். காமாலைக்கென்று நம்பி வாங்குபவருக்கு அது போதாது.

மேலாநெல்லியைப் பிரிப்பது எளிது. அதன் எல்லாத் தண்டுகளிலும் இலைகள் சுற்றிச் சுற்றி அமைந்திருக்கும். இலை அடியில் குறுகி, நுனியில் அகன்றிருக்கும். மற்றவற்றில் நடுத்தண்டில் பச்சை இலை இராது. பக்கக் கிளைகளில் மட்டும், புளிய இலை போல இரு வரிசையாக இருக்கும்.

அடுத்தது செங்கீழாநெல்லி, அதாவது பிலாந்தஸ் யூரினாரியா. தண்டின் சிவப்பை நம்பாதீர்கள். எல்லாச் செடியும் சிவப்பதில்லை. காயைத் தொட்டுப் பாருங்கள். காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டி, மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் அதுதான்.

உண்மையான சிக்கல் கீழாநெல்லியான பிலாந்தஸ் அமாரஸுக்கும் அதைப் போலவே இருக்கும் பிலாந்தஸ் டெபிலிஸுக்கும் இடையில்தான். இரண்டிலும் காய் வழவழப்பானது, சிறு காம்புடன் தொங்கும். அமாரஸின் இலை நுனி மழுங்கியிருக்கும், டெபிலிஸின் இலை இருபுறமும் கூராகும் என்பார்கள். வாடிய கட்டில் இலை சுருண்டுவிடும். அதை வைத்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை எடுங்கள். கிளையைத் திருப்பி, காயின் அடியில் ஒட்டியிருக்கும் புல்லிதழ்களை, அதாவது பூவின் வெளிச்சுற்று இதழ்களை, எண்ணுங்கள். பூ முடிந்த பிறகும் அவை உதிராமல் நிற்கும். ஐந்து என்றால் அமாரஸ். ஆறு என்றால் டெபிலிஸ். ஒன்றிரண்டு காய்களோடு நிறுத்தாமல் பல கிளைகளில் எண்ண வேண்டும், ஓர் இதழ் ஒடிந்திருக்கலாம். பச்சைச் செடி கையில் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. கிளையின் மேற்பகுதியில் ஒரே இலைக்கணுவில் ஆண் பூவும் பெண் பூவும் ஜோடியாக இருந்தால் அமாரஸ். டெபிலிஸில் அந்த இடத்தில் பெண் பூ மட்டும் தனியாக இருக்கும்.

பழைய மூலிகை நூல்களில் கீழாநெல்லிக்கு பிலாந்தஸ் நிரூரி என்ற பெயர் இருக்கும். அது அமெரிக்கச் செடி. நம் வாழைத் தோட்டத்தில் ஐப்பசி மழைக்குப் பின் முளைப்பது அதுவல்ல. ஆகவே அந்த நூல்களின் படத்தோடு ஒப்பிட்டு மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காய்ந்த சரக்கில் இலையும் காயும் உதிர்ந்துவிட்டால் மூட்டையின் அடியில் கிடக்கும் விதைகளைச் சலித்தெடுங்கள். விதையின் முதுகில் வரிகள் நீளவாக்கில் ஓடினால் அமாரஸோ டெபிலிஸோ. குறுக்கே ஓடினால் செங்கீழாநெல்லி. நுண்புள்ளிகள் வரிசையாக இருந்தால் மேலாநெல்லி. முதிர்ந்த காய் வெடித்து விதையைச் சிதறடிக்கும் என்பதால், மாதிரிச் செடியைக் காகித உறையில் போட்டு உலர்த்துங்கள். காய் பிடிக்காத இளஞ்செடியைப் பறிக்காமல் விட்டுவிடச் சொல்லிப் பறிப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.