லித்தியம் ஆய்வை வாசிக்கும்போது சறுக்கும் இடங்கள்

கொடைக்கானலில் வேதியியல் படிக்கும் மாணவிகளின் கருத்தரங்கக் கட்டுரைகளைத் திருத்தித் தருகிறேன். இந்த முறை பலர் எடுத்த தலைப்பு, சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் லித்தியம் எடுப்பது. சறுக்கும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன.

முதலில் எண். ஜம்மு-காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் என்று 2023 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. அது தாதுவின் கணக்கு. அதுவும் முதற்கட்ட மதிப்பீடு. முழுவதையும் லித்தியம் என்றே எழுதிவிடுகிறார்கள். லித்தியமா, லித்தியம் கார்பனேட்டா என்பதையும் பாருங்கள். 1 கிலோ லித்தியம் என்பது 5.3 கிலோ கார்பனேட்.

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் நிலத்தடி உப்புநீரை வேதாரண்யம் உப்பளம் போலப் பாத்தி கட்டிக் காயவிடுகிறார்கள். ஓராண்டுக்கு மேல் ஆகும். "அந்த இடம் 2,300 மீட்டர், நம்ம ஊர் 2,100. இங்கேயும் காயுமே சார்?" என்றாள் ஒரு மாணவி. ஒரு தட்டில் உப்புத்தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வைக்கச் சொன்னேன். ஐப்பசி மாதம், விடாத மூடுபனி. ஐந்தாம் நாளும் தட்டில் தண்ணீர் நின்றது; விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும். உயரம் எங்கே காயவைத்தது? மழையில்லாத வெயிலும் காற்றும்தான் அங்கே காயவைக்கின்றன.

காயவிடாமல் நேரடியாகப் பிரிப்பதில்தான் இப்போது ஆய்வு மும்முரம். ஒட்டுறிஞ்சும் மணிகள் லித்தியத்தைப் பிடித்துக்கொள்ளும், மீதி உப்புநீரைத் திருப்பி அனுப்பலாம். இதைப் புத்தம் புதியது என்று எழுதாதீர்கள். அர்ஜென்டினாவின் ஓம்ப்ரே முயெர்த்தோவில் 1990-களின் கடைசியிலிருந்தே நடக்கிறது. "தண்ணீர் செலவே இல்லை" என்பது அதைவிடப் பெரிய தவறு. பிடித்த லித்தியத்தை மணிகளிலிருந்து கழுவி எடுக்கப் பல முறைகளில் நல்ல தண்ணீர் வேண்டும், அதுவும் பாலைவனத்தில். சோதித்தது எந்த நீரை என்றும் தேடுங்கள். ஆய்வகத்தில் கலக்கிய லித்தியம் குளோரைடு கரைசலில் வந்த பிரிப்பு விழுக்காடு உண்மையான உப்புநீரில் நிற்காது. அங்கே சோடியம் குவிந்து கிடக்கும். மெக்னீசியம் அயனியோ உருவத்தில் லித்தியம் அயனியை ஒட்டியே இருக்கும், பிரிப்பது கடினம்.

கடைசியாக, கழிவு. 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் பாம்பார் சோலை வரை இறங்கியதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் லித்தியம் பிரித்த பிறகு மிஞ்சும் நீர் எங்கே போகிறது என்ற பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத கட்டுரையைத் திருத்தாமலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.