கைவழி ஆஞ்சியோ: கடைசி டோஸ் எத்தனை மணிக்கு?

பொள்ளாச்சியிலிருந்தோ கோபியிலிருந்தோ வெள்ளென பஸ் ஏறி ஆஞ்சியோவுக்கு (கை அல்லது தொடைத் தமனி வழியாகக் குழாய் விட்டு இதய ரத்தக் குழாய்களைப் பார்க்கும் சோதனை) கோவை வருகிறவர்கள், மருந்துச் சீட்டோடு இன்னொரு தாளும் வைத்திருங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஒவ்வொரு மருந்தையும் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று அதில் எழுதுங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரெலை நீங்களாக நிறுத்தாதீர்கள். வெறும் வயிறு என்பது சோற்றுக்குத்தான். மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கலாம். அசிட்ரோம், வார்ஃபரின் போடுகிறவர்கள் முந்தின நாள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் சோதனை) பார்த்துவிட வேண்டும். தொடைவழிக்கு 1.8 வரைதான், கைவழிக்கு 2.2-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள். செயற்கை வால்வு வைத்தவர் பயந்து தானாக நிறுத்தினால் வால்விலேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அது ஆஞ்சியோவைவிடப் பெரிய ஆபத்து. அபிக்சபான், ரிவராக்சபானுக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், கடைசி டோஸுக்கும் ஆஞ்சியோவுக்கும் 24 மணி நேர இடைவெளி வழக்கம். டாபிகாட்ரான் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும். அதனால் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்த அளவு) கூடியவர்களுக்கு 48 மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். உங்களுக்கு எவ்வளவு என்பதை இதய மருத்துவரே சொல்ல வேண்டும்.

தவறு அதிகம் நடக்க வாய்ப்புள்ளது ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது. திருப்பூரில் எனாக்ஸபாரின் என்ற, ரத்தம் உறையாமலிருக்கும் ஊசி போட்டு ஆம்புலன்ஸில் கோவைக்கு அனுப்பியவருக்கு ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைக்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டு டோஸாவது ஏறி, கடைசி ஊசி 8 மணி நேரத்துக்குள் என்றால் மேற்கொண்டு வேண்டியதில்லை. 8 முதல் 12 மணி நேரம் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மி.கி. எனாக்ஸபாரினை நரம்பு ஊசியாகத் தருவார்கள். நேரம் தெரியாமல் ஹெபாரினையும் (ரத்தம் உறையாமலிருக்கும் இன்னொரு ஊசி) ஏற்றினால் ரத்தக்கசிவில் முடியலாம். அனுப்பும் சீட்டில் மணியை எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

இந்த ஊசி போடாத மற்றவர்களுக்கு, மணிக்கட்டில் ஷீத் (தமனிக்குள் வழி வைக்கும் சிறு குழாய்) போட்டதும் ஹெபாரின் 5,000 யூனிட் அல்லது கிலோவுக்கு 50 யூனிட். சிலர் குழாய் மகாதமனிக்குப் போய்ச் சேரும்வரை பொறுப்பார்கள். கைவழி சரிவராமல் தொடைக்கு மாற நேர்ந்தால் அங்கே ரத்தம் நிற்காது என்பதால். ஹெபாரினைக் குறைத்தால் மணிக்கட்டுத் தமனி அடைத்துக்கொள்ளலாம். கைக்கு இன்னொரு தமனியும் ரத்தம் தருவதால் வலியே தெரியாமல் போகலாம். ஆனால் அடுத்த ஆஞ்சியோவுக்கு அந்த வழி இருக்காது. ஸ்டென்ட் என்றால் கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட், ஏ.சி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரம்) 250–300 விநாடியில் நிற்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஷீத்தை உடனே எடுத்து, மணிக்கட்டை அழுத்தும் காற்றுப் பட்டையில் 13–15 மி.லி. காற்று ஏற்றுவார்கள். இறுக்கிக் கட்டினாலும் தமனி அடைக்கலாம். ரத்தம் எட்டிப் பார்க்கும்வரை காற்றை இறக்கி, பிறகு 1–2 மி.லி. மட்டும் கூட்ட வேண்டும். நிறுத்திய மாத்திரையை, பட்டை கழன்று கசிவு நின்ற பிறகு, மருத்துவர் சொன்ன மணிக்குத் தொடங்குங்கள்.