புயல் நேரத்தில் பிள்ளைகளிடம் செய்யக்கூடாதவை

புயல் வருகிறது என்றால் மெழுகுவத்தி, குடிதண்ணீர், பால் பவுடர் எல்லாம் ஞாபகமாக எடுத்து வைக்கிறோம். நாலு வயதுப் பிள்ளை பயந்து அழுதால் மட்டும், "ஒண்ணும் இல்ல, பேசாம படு" என்று முடித்துவிடுகிறோம். முதல் தவறு இதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கட்டில் நனைவதைக் கண்ணால் பார்க்கிற பிள்ளை, 'ஒண்ணும் இல்ல' என்றால் எப்படி நம்பும்? இதைப் பற்றிக் கேட்கவே கூடாது போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொள்ளும். "தண்ணி உள்ள வந்துருச்சு. மாடி வீட்டு அத்தைகிட்ட போறோம். அம்மா உன் கூடவேதான் இருப்பேன்." இவ்வளவு போதும். இனிமேல் புயலே வராது என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த ஐப்பசியிலேயே அது பொய்யாகிவிடும்.

அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் எரிந்து விழவும் வேண்டாம். பதில் இன்னும் அதேதானா என்று பிள்ளை சரிபார்த்துக்கொள்கிறது.

டிவியை அணைத்துவிடுங்கள். டிசம்பர் 26 வந்தால் 2004 சுனாமிக் காட்சிகளை இன்றும் போடுகிறார்கள். பழைய காட்சி என்பது நமக்குத் தெரியும். சின்னப் பிள்ளைக்கு, பார்க்கும் ஒவ்வொரு முறையும் கடல் புதிதாக ஊருக்குள் வருகிறது.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது முகாம்களில் நடப்பது. பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ பாய் விரித்துக் கிடக்கும் பிள்ளைகளிடம், உதவி செய்ய வருபவர்கள் பொம்மையைக் கொடுத்துப் போட்டோ எடுத்து, "என்ன பார்த்தே, சொல்லு" என்று கிளறிவிட்டு, மறுநாள் காணாமல் போகிறார்கள். பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். போனால் தொடர்ந்து போங்கள். சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் நாகப்பட்டினம் அன்னை சத்யா அரசு காப்பகத்தில் அண்ணன் தங்கையாக வளர்ந்தார்கள். அங்கே ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் மாற்றலாகிப் போன பிறகும் அவர்களைப் பார்க்க வந்தார்; அங்கு வளர்ந்த பெண்களின் கல்யாணத்துக்கும் வந்து நின்றார். தெரிந்த முகம் மறுபடி வருவதைவிடப் பெரிய ஆறுதல் பிள்ளைக்குக் கிடையாது.

அதனால் முகாமில் ஒரே தெருப் பிள்ளைகளைச் சேர்ந்தே உட்கார வையுங்கள். தெரிந்த அக்கா ஒருத்தி தினமும் அதே நேரத்தில், அதே மூலையில் கதை சொல்லட்டும். தம்ளர் எடுத்துக் கொடுக்கிற மாதிரி சின்ன வேலை கொடுங்கள். "இங்க கஷ்டம், பாட்டி ஊர்ல விட்டுடலாம்" என்று அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால், எங்கே போகிறாய், யார் எப்போது வந்து கூட்டிப்போவார் என்பதைச் சொல்லி அனுப்பி, தினமும் சாயங்காலம் போனில் பேசுங்கள்.

அப்புறம், படுக்கையில் சிறுநீர் போனால் திட்டாதீர்கள். வெள்ள விளையாட்டு விளையாடினால், "அபசகுனம்" என்று தடுக்காதீர்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். ஒரு மாதம் தாண்டியும் தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் ஒட்டாமல் இருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.